சர்க்கரைத் தொழிலும் தனிநபர் பொறுப்பு வாதமும்

உடற்பருமனுக்குத் தின்பவரே பொறுப்பு, தின்பண்டத்தை ஆக்கி விற்பவருக்கு அதில் பங்கில்லை என்னும் கருத்து தனிநபர் பொறுப்பு வாதம் எனப்படுகிறது. 2000-க்குப் பிறகு அமெரிக்க உணவு, குளிர்பான நிறுவனங்கள் நீதிமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் இதைக் கேடயமாகப் பிடித்தன. தின்பவர் தெரிந்தே தின்கிறார் என்பதுதான் இந்த வாதத்தின் அச்சாணி. அந்தத் 'தெரிந்தே' என்ற சொல்லைச் சுற்றியே விவாதம் முழுவதும் நடக்கிறது.

வழக்கும் மசோதாவும்

2002 ஆகஸ்டில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதிப் பதின்வயதினர் சிலர் சார்பில், தங்கள் பருமனுக்கும் நோய்களுக்கும் காரணம் என்று மெக்டொனால்ட்ஸ் மீது வழக்குத் தொடரப்பட்டது. நாளிதழ்கள் சிரித்தன. 2003 ஜனவரியில் நீதிபதி ராபர்ட் ஸ்வீட் வழக்கைத் தள்ளுபடி செய்தார். கெடுதல் என்று தெரிந்தும் வயிறு முட்டத் தின்றவர் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வாசலையும் அவர் திறந்துவைத்தார்: சாதாரண வாடிக்கையாளர் ஊகிக்க முடியாத அளவுக்கு ஓர் உணவு மாற்றிப் பதப்படுத்தப்பட்டிருந்தால் கதை வேறு. கோழியிறைச்சித் துண்டுகளான மெக்நகெட்ஸை அதற்கு எடுத்துக்காட்டாகவும் சொன்னார். தீர்ப்பின் இந்தப் பாதியைப் பலர் படிக்கவே இல்லை. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கின் ஒரு பகுதிக்கு மறுபடி உயிர் கொடுத்தது. கூட்டு வழக்காக நடத்த 2010-இல் அனுமதி மறுக்கப்பட்டது.

இதற்கிடையே, இத்தகைய வழக்குகளையே தடுக்கும் மசோதா ஒன்றை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2004 மார்ச்சில் 276-க்கு 139 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. மக்கள் அதற்கு 'சீஸ்பர்கர் மசோதா' என்று பெயர் வைத்தார்கள். செனட்டைத் தாண்ட முடியாமல் அது நின்றுபோனாலும், பல மாநிலங்கள் அதே சாயலில் சட்டம் இயற்றிக்கொண்டன.

எது தெரிந்திருந்தது?

சர்க்கரையைப் பற்றி மக்களுக்கு என்ன தெரிய வந்தது என்பதில் தொழில்துறைக்கும் கை இருந்தது. 1960-களில் இதயநோய்க்கு உணவில் எது காரணம் என்று இரு கட்சிகள் மோதின. லண்டன் உணவியலாளர் ஜான் யுட்கின் சர்க்கரையைச் சுட்டினார். அமெரிக்கர் ஆன்சல் கீஸ் கொழுப்பைச் சுட்டினார். சர்க்கரை ஆலைகளின் அமைப்பான சுகர் ரிசர்ச் ஃபவுண்டேஷன், ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து ஓர் ஆய்வுத் தொகுப்பு எழுதவைத்தது. 1967-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த அது, கொழுப்பைக் குற்றவாளியாக்கிச் சர்க்கரையின் பங்கைச் சிறிதாக்கியது. பணம் யாருடையது என்று கட்டுரையில் ஒரு வரியும் இல்லை.

இது வெளிச்சத்துக்கு வந்தது 2016-இல். பல் மருத்துவரான கிறிஸ்டின் கியர்ன்ஸ், பழைய கடிதக் கட்டுகளைத் துழாவி இதைக் கண்டெடுத்தார். இதைச் சதி என்று முடிவுகட்டுவதில் எச்சரிக்கை வேண்டும். தொழில்துறைப் பணத்தில் ஆய்வு செய்வது அக்காலத்தில் வாடிக்கை. கொழுப்புக் கொள்கைக்குச் சொந்த ஆதாரங்களும் இருந்தன என்று 2018-இல் வரலாற்றாய்வாளர்கள் சிலர் சயின்ஸ் இதழில் மறுப்பு எழுதினார்கள். அந்தத் தொகுப்பு பேசியதும் இதயநோயைப் பற்றித்தான், பருமனைப் பற்றி அல்ல.

பிற்கால நிகழ்வுகளில் இவ்வளவு மூடுமந்திரம் இல்லை. நாளின் மொத்த ஆற்றலில் சேர்க்கப்படும் சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்று 2003-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லப்போனபோது, அமெரிக்கா அதற்குத் தரும் நிதியையே கேள்விக்குள்ளாக்குவோம் என்று அமெரிக்கச் சர்க்கரைச் சங்கம் கடிதம் எழுதியது. 2015-இல், உண்பதைவிட உடற்பயிற்சிக் குறைவே பருமனுக்குக் காரணம் என்பதாகப் பேசிய ஓர் ஆய்வாளர் குழுவுக்குக் கோகோ கோலா பணம் கொடுத்தது தெரியவந்ததும், அந்தக் குழு சில மாதங்களில் கலைந்தது.

பிரிட்டனின் வழி

யார் மீது பழி என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு பிரிட்டன் வேறு பக்கம் போனது. 2016-இல் அறிவிக்கப்பட்டு 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வரி, வாங்குபவர் மீதல்ல, பானம் தயாரிப்பவர் மீது விழுந்தது. தொடக்கத்தில் அது 100 மில்லிலிட்டரில் சர்க்கரை 5 கிராமை எட்டினால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமை எட்டினால் 24 பென்ஸ் என்று இருந்தது. இரண்டு ஆண்டு அவகாசத்தில் பல நிறுவனங்கள் வரி வரம்புக்குக் கீழே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. கோகோ கோலா தன் மூலப் பானத்தைத் தொடவில்லை, வரியைச் செலுத்தியது.

ஸ்காட்லாந்து மக்களின் செல்லப் பானமான அயர்ன்-புரூவில் 100 மில்லிலிட்டருக்குச் சர்க்கரை 10.3 கிராமிலிருந்து 4.7 கிராமாக இறங்கியது. மாற்றத்துக்கு முன்பே பழைய பாட்டில்களை வாங்கி வீட்டில் அடுக்கிக்கொண்டவர்கள் உண்டு. பின்னர், சர்க்கரை மிகுந்த 'அயர்ன்-புரூ 1901' என்ற வகையை 2019 இறுதியில் அந்தப் பானத்தைத் தயாரிக்கும் நிறுவனமே சந்தையில் இறக்கியது.