முற்றிய முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோயில் மரபணுச் சோதனை

முற்றிய முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோயில் மரபணுச் சோதனை என்பது, புராஸ்டேட் எனவும் அழைக்கப்படும் முன்னிற்குஞ்சுரப்பியில் தோன்றி எலும்பு, நிணநீர்க்கணு முதலிய பிற இடங்களுக்குப் பரவிய புற்றுநோயில், குறிப்பிட்ட மரபணுக்கள் பிறழ்ந்துள்ளனவா எனக் கண்டறியும் ஆய்வாகும். எந்த இலக்குசார் மருந்து நோயாளிக்குப் பலனளிக்கக்கூடும் என்பதை இதன் மூலம் அறியலாம். பிறழ்வு பரம்பரையாக வந்ததாயின், அவருடைய உறவினர்களுக்கு நோய் வரும் வாய்ப்பையும் மதிப்பிடலாம்.

பின்னணி

ஆண்பால் இயக்குநீரைக் குறைத்தால் இப்புற்றுநோய் தணியும் என்பதைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லசு அகின்சு 1941 ஆம் ஆண்டில் காட்டினார். இதற்காக அவருக்கு 1966 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனினும், பரவிய நோயில் காலப்போக்கில் இயக்குநீர் குறைந்த நிலையிலும் புற்று மீண்டும் வளரத் தொடங்குகிறது. இலக்குசார் மருந்துகள் முதலில் இந்நிலையிலேயே ஆராயப்பட்டன.

தொடர்புடைய மரபணுக்கள்

உயிரணுக்களில் டி.என்.ஏ. அடிக்கடி சேதமடைகிறது. அதனைச் செப்பனிடும் மரபணுக்களுள் 17 ஆம் நிறப்புரியிலுள்ள பிஆர்சிஏ1, 13 ஆம் நிறப்புரியிலுள்ள பிஆர்சிஏ2 ஆகியவை முக்கியமானவை. இவை மார்பகப் புற்றுநோயோடு சேர்த்தே பெரிதும் அறியப்பட்டாலும் இருபாலாரிடமும் உள்ளன.

2016 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பரவிய முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோயுள்ள 692 ஆண்களில் 11.8 விழுக்காட்டினரிடம் செப்பனிடும் மரபணுக்களில் பரம்பரைப் பிறழ்வு காணப்பட்டது. பிஆர்சிஏ2 பிறழ்வு மட்டும் 5.3 விழுக்காட்டினரிடம் இருந்தது. குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இந்நோய் வராதவர்களிடமும் பிறழ்வுகள் காணப்பட்டன. எனவே குடும்ப வரலாற்றை மட்டும் கொண்டு சோதனை தேவையில்லை என முடிவு செய்ய இயலாது.

சோதனை வகைகள்

* பரம்பரைச் சோதனை: குருதி அல்லது உமிழ்நீரில் செய்யப்படுவது. பெற்றோரிடமிருந்து பெற்ற பிறழ்வைக் காட்டும்.
* கட்டிச் சோதனை: புற்று இழையத்தில் செய்யப்படுவது. புற்றில் மட்டும் புதிதாகத் தோன்றிய பிறழ்வையும் காட்டும்.
* குருதியில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ. சோதனை: இழையம் போதிய அளவில் கிடைக்காதபோது பயன்படுவது.

ஒரு சோதனை மற்றொன்றுக்கு முழு மாற்றாகாது. கட்டியில் காணப்படும் பிறழ்வு பரம்பரையானதா என்பதைத் தனிச் சோதனையாலேயே உறுதிசெய்ய வேண்டும்.

இலக்குசார் சிகிச்சைகள்

பார்ப் என்னும் நொதியம் டி.என்.ஏ.யின் ஓரிழை முறிவுகளைச் செப்பனிட உதவுகிறது. இதனை மருந்தால் தடுத்தால் அம்முறிவுகள் ஈரிழை முறிவுகளாகின்றன. பிஆர்சிஏ குறைபாடுள்ள புற்றணுவால் அவற்றைச் சரிவரச் செப்பனிட இயலாமையால் அது இறக்கிறது. இவ்விளைவு 2005 ஆம் ஆண்டில் ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டது.

ஒலாபரிப் என்னும் பார்ப் தடுப்பி குறித்த ஆய்வின் முடிவுகள் 2020 ஆம் ஆண்டில் வெளியாயின. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம் ஆகியவற்றுள் ஒன்றேனும் பிறழ்ந்திருந்த 245 பேரில், நோய் முற்றாதிருந்த இடைநிலைக் காலம் ஒலாபரிப் பெற்றோருக்கு 7.4 மாதங்களாகவும், ஒப்பீட்டு மருந்து பெற்றோருக்கு 3.6 மாதங்களாகவும் இருந்தது. உயிர்வாழ்ந்த இடைநிலைக் காலம் முறையே 19.1, 14.7 மாதங்கள். பிஆர்சிஏ பிறழ்வுள்ளோருக்கே பலன் மிகுதி. ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2020 மே மாதத்தில் ரூகாபரிப், ஒலாபரிப் ஆகிய இரண்டையும் இந்நோய்க்கு அனுமதித்தது. குருதிச்சோகை, குமட்டல், களைப்பு ஆகியவை இவற்றின் பொதுவான பக்கவிளைவுகள்.

டி.என்.ஏ. படியெடுப்புப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் பழுதுற்ற சிலருக்குப் பெம்புரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்து பயன்படலாம். 2022 இல் அனுமதி பெற்ற லுட்டேசியம்-177 பிஎஸ்எம்ஏ சிகிச்சைக்கு மரபணுச் சோதனை தேவையில்லை. புற்றணுவின் மேற்பரப்பில் பிஎஸ்எம்ஏ புரதம் உள்ளதா என்பது வருடிப்படம் மூலம் பார்க்கப்படுகிறது.

குடும்பத்தினர்

பரம்பரைப் பிறழ்வு ஒவ்வொரு பிள்ளைக்கும் செல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. மகனைப் போலவே மகளும் அதனைப் பெறலாம். பிஆர்சிஏ பிறழ்வைப் பெற்ற மகளுக்கு மார்பக, சூலகப் புற்றுநோய்களின் வாய்ப்பு கூடுதல். இதனை முன்னரே அறிந்தால் உரிய கண்காணிப்பையும் தடுப்பு நடவடிக்கைகளையும் மேற்கொள்ளலாம். ஆகவே சோதனைக்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசனை பரிந்துரைக்கப்படுகிறது.

வரம்புகள்

சில மாறுபாடுகள் தீங்கானவையா என்பது உறுதியாகத் தெரிவதில்லை; அவற்றைக் கொண்டு சிகிச்சை முடிவு செய்யப்படுவதில்லை. குருதிச் சோதனையில், முதுமையால் வெள்ளணுக்களில் தோன்றிய பிறழ்வு புற்றின் பிறழ்வாகத் தவறாகக் கருதப்படலாம். பிறழ்வு காணப்படாவிடில் சிகிச்சையே இல்லை என்று பொருளன்று. இயக்குநீர்ச் சிகிச்சை, வேதிச்சிகிச்சை, கதிர்ச்சிகிச்சை ஆகியவற்றுக்கு இப்பிறழ்வுகள் தேவையில்லை.

இவற்றையும் பார்க்க

* முன்னிற்குஞ்சுரப்பி
* மார்பகப் புற்றுநோய்
* டி.என்.ஏ.