மேசை இல்லாத பட்டறை

மூணு வாரமா எபிசோட் வரலையே, என்ன ஆச்சுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒண்ணும் ஆகலை. செஞ்சிக்கு, எங்க ஊருக்குப் போயிருந்தேன். லேப்டாப்பை மூடி வச்சுட்டு எங்க பெரியப்பாவுக்கு ஒரு மேசை செஞ்சுக்கிட்டிருந்தேன். சாப்பாட்டு மேசை இல்லை, தச்சு வேலை பார்க்கிற மேசை. இந்த எபிசோட் அதைப் பத்தினதுதான். செஞ்சின்னதும் தேசிங்கு ராஜா கதை வரும்னு எதிர்பார்த்தவங்க மன்னிக்கணும், அது இன்னொரு நாள்.

பெரியப்பா தச்சர். நாற்பது வருஷத்துக்கு மேல ஒரே பட்டறை, வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகை. இழைப்புளி, உளி, வாச்சி, கொட்டாப்புளி, ரம்பம், மூலைமட்டம் எல்லாம் அங்கே இருக்கு. மேசை மட்டும் கிடையாது. தரையில சாக்கை விரிச்சு உட்காருவார். ஒரு காலை மடக்கிக்குவார், இன்னொரு காலோட குதிகாலும் கட்டைவிரலும் பலகையை அழுத்திப் பிடிச்சிருக்கும். ரெண்டு கையும் இழைப்புளியில. நான் அந்தச் சுருள் சுருளான சீவலைப் பொறுக்கி விளையாடித்தான் வளர்ந்தேன்.

போன வருஷம் அவருக்கு முட்டி போச்சு. தேய்மானம், இனி தரையில சம்மணம் போடக் கூடாது, குத்துக்கால் போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பெரியப்பா வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாராம்: "அப்ப தொழில விட்டுட வேண்டியதுதான்."

நான் இன்ஜினியர் இல்லையா. வெளிநாட்டுத் தச்சர்களோட வீடியோ நூறு பார்த்திருக்கேன். அவங்க எல்லாரும் இடுப்பு உயர மேசையில நின்னுக்கிட்டு வேலை பார்க்கிறாங்க. அதனால தீர்வு எனக்குச் சுலபமாத் தெரிஞ்சது: கனமான, மட்டமான, ஒட்டுப்பலகை மேசை ஒண்ணு செஞ்சு கொடுத்துட்டா போதும். சொன்னதும் பெரியப்பா சிரிச்சார். "நின்னுக்கிட்டு இழைக்கிறதுன்னா பலகைய யாருடா புடிக்கிறது?"

அந்தக் கேள்வி எவ்வளவு பெருசுன்னு எனக்கு அப்போ புரியலை.

ஐரோப்பிய வேலை மேசையைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சா எல்லாரும் வந்து நிக்கிற ஒரு பேர் இருக்கு: ஆந்த்ரே ஜாக்கோப் ரூபோ. பாரிஸ்காரர், தச்சர். 1769ல இருந்து சில வருஷம் தச்சுக்கலை பத்தின பெரிய பெரிய தொகுதிகளா வெளியிட்டார். அதுல அவர் விவரிக்கிற மேசைக்கு மேல்பலகை அஞ்சு ஆறு அங்குலக் கனம், ஒரே மரத்துண்டு. ஒட்டே கிடையாது. நம்ம ஊரோட சேர்த்துப் பார்த்தா வேடிக்கையா இருக்கும். 1750ல புஸ்ஸி தலைமையில பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடிச்சு, 1761 வரைக்கும் அவங்க கையில இருந்துச்சு. அதாவது பிரெஞ்சுக்காரங்க ராஜகிரியை விட்டு இறங்கின எட்டு வருஷத்துல ரூபோவோட முதல் தொகுதி வந்துடுச்சு. பாண்டிச்சேரி கடற்கரையில காந்தி சிலையைச் சுத்தி நிக்கிற கல்தூண்கள் செஞ்சியில இருந்து போனதுன்னு சொல்லுவாங்க. தூணெல்லாம் இங்கிருந்து அங்கே போச்சு, பெஞ்ச் என்னவோ எங்க பெரியப்பா பட்டறை வரைக்கும் வரவே இல்லை.

ஏன் வரலை? பின்தங்கினதாலன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும். நானும் அதைத்தான் நம்பினேன். ஆனா செஞ்சியில பின்தங்கின மரவேலையா நடந்திருக்கு? ராஜகிரி உச்சிக்கு ஏறினவங்களுக்குத் தெரியும். கடைசியில ஒரு பாறைப் பிளவு வரும், சுமாரா 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதுக்கு மேல மரப்பாலம். பாலத்தை எடுத்துட்டா உச்சிக்கோட்டை தனியா நிக்கும். முகலாயப் படை 1690ல முற்றுகை போட்டு 1698லதான் இந்தக் கோட்டையைப் பிடிச்சது. அவ்வளவு கல்மதிலும் இருந்த கோட்டையில, கடைசிப் பாதுகாப்பு ஒரு தச்சு வேலை. 2025 ஜூலையில யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தப்போ, தமிழ்நாட்டுல இருந்து இடம் பிடிச்சது செஞ்சி மட்டும்தான். இன்னைக்குப் போய்ப் பார்த்தா நமக்கு மிஞ்சினது கல்லும் செங்கல்லும். அரண்மனை இருந்த இடத்துல அடித்தளம் இருக்கு. வரலாற்றுப் புத்தகத்துல முற்றுகையும் மன்னர்களும் இருப்பாங்க, பாலத்துக்கு உத்தரம் இழைச்சவர் இருக்க மாட்டார்.

பெரியப்பா கேள்விக்கு வர்றேன். ரூபோவோட மேசையைக் கவனிச்சுப் பாருங்க. அதுல முக்கியம் பலகை இல்லை, பிடிதான். ஒரு பக்கம் வைஸ், மேல இரும்புக் கொக்கி மாட்ட துளைகள், முன்னாடி முட்டுக்கட்டை. நிக்கிற மனுஷனோட கால் தரையில மாட்டிக்கிட்டதால, கால் செய்ய வேண்டிய வேலைக்கெல்லாம் ஒரு கருவி தேவைப்பட்டிருக்கு. தரையில உட்கார்றவருக்கு அந்தக் கால் சும்மா கிடைக்குது. நொடிக்கு நொடி பிடியை மாத்தலாம், திருகாணி சுத்த வேண்டியதில்லை. நம்ம தச்சர்கிட்ட வைஸ் ஏற்கெனவே இருந்துச்சு, முட்டிக்குக் கீழே. ஜப்பான்லயும் இடுப்பு உயர மேசை வழக்கம் இல்லை. தாழ்வான ஒரு கட்டை மேல பலகையை வச்சு, இழைப்புளியைத் தன்னை நோக்கி இழுப்பாங்க. உலகத்துலயே நுணுக்கமான மரமூட்டு வேலைன்னு அதைத்தான் கொண்டாடுறோம்.

இதெல்லாம் எனக்குத் தெளிவா புரிஞ்சதுக்கு அப்புறமும் மேசை செய்றதை நிறுத்தலைங்கிறதை ஒத்துக்கணும். மரம் வாங்கியாச்சே!

ரூபோ மாதிரி ஒரே துண்டு வேணும்னா அதுக்கு மரம் எங்கே? ரெண்டடி அகலத்துல, அஞ்சு அங்குலக் கனத்துல காய்ஞ்ச பலகைக்கு நான் என் வேலையை வித்தாலும் பத்தாது. கிடைச்சாலும் அது சும்மா இருக்காது. மழைக்காலத்துல மரம் ஈரம் குடிச்சு உப்பும், கோடையில சுருங்கும். நீளவாக்குல ரொம்பக் குறைவு, அகலவாக்குல அதிகம். அதுலயும் வளர்ச்சி வளையத்தை ஒட்டின திசையில, குறுக்குத் திசையைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதனாலதான் அகலப் பலகை கிண்ணம் மாதிரி வளையுது. மெல்லிய சட்டங்களா அறுத்து, வளையங்கள் செங்குத்தா நிக்கிற மாதிரி ஒவ்வொண்ணையும் திருப்பி வச்சு ஒட்டினா, ஒரு சட்டத்தோட ஆட்டம் அதோடயே முடிஞ்சுடும். ஒட்டுப்பலகைக்குப் பின்னாடி இருக்கிற யோசனை இவ்வளவுதான்.

யோசனை பழசு. எகிப்துல, சக்காராவுல இருக்கிற ஜோசர் மன்னரோட படிப் பிரமிடுல ஆறு அடுக்குப் பலகையால ஆன சவப்பெட்டித் துண்டு கிடைச்சிருக்கு. நாலாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அடுக்குகளோட ரேகையை மாத்தி மாத்தி வச்சு மரமுளையால கோத்திருக்காங்க. கட்டடத்துக்கான பெரிய உத்தரங்களையே சட்டம் சட்டமா ஒட்டிச் செய்யலாம்னு ஜெர்மனியில, வைமார் நகரத்து ஓட்டோ ஹெட்சர் காப்புரிமை வாங்கினது 1906ல.

ரெண்டுக்கும் நடுவுல இவ்வளவு இடைவெளி இருக்கிறதுக்குப் பசை ஒரு பெரிய காரணம். பெரியப்பாவோட அப்பா காலத்துல ஒட்டணும்னா வஜ்ஜிரம். தோலும் எலும்பும் காய்ச்சின பசை. அதை ஊற வச்சு, மிதமான சூட்டுல உருக்கி, சூடு ஆறுறதுக்குள்ள தடவிச் சேர்க்கணும். தெருவே நாறும்னு பெரியப்பா சொல்லுவார். ஒரு கூர்முனை மூட்டுக்கு அது போதும். பன்னிரண்டு சட்டம், ஆறடி நீளம், ஒத்தை ஆளுன்னா முதல் சட்டம் இறுகிடும், ஏழாவது சட்டத்துக்குப் பசை போட்டிருக்க மாட்டீங்க. 1959ல பெவிக்கால் வந்துச்சு. காய்ச்ச வேணாம், டப்பாவைத் திறந்து ஊத்தினா போதும், சேர்க்கிறதுக்கு அவகாசமும் இருக்கு. கோட்டை, போர்னு பேசுற இந்த பாட்காஸ்ட்ல ஒரு வெள்ளைப் பசை டப்பாவுக்கு இடம் கொடுக்கிறது சிலருக்குச் சிரிப்பா இருக்கலாம். தச்சர் வீட்டுல கேட்டுப் பாருங்க, எது பெரிய மாற்றம்னு.

நாங்க வாங்கினது இடிச்ச வீட்டு நிலைப்படி, ஜன்னல் சட்டம். பழைய தேக்கு, கொஞ்சம் வேங்கை. ஆணி பிடுங்கவே ரெண்டு நாள். அறுத்து, ரெண்டு அங்குல அகலம், மூணு அங்குல உயரத்துல பன்னிரண்டு சட்டம் எடுத்தோம். நெருக்கிப் பிடிக்க நீளமான கிளாம்ப் எங்ககிட்ட இல்லை. பெரியப்பா ரெண்டு பக்கமும் முட்டுக்கட்டை அடிச்சு, ஒண்ணுக்கொண்ணு எதிரா ரெண்டு ரெண்டு ஆப்பா இறக்கினார். எங்க ஊர்ப் பக்கம் பாறை உடைக்கிறவங்க வரிசையாத் துளை போட்டு ஆப்பு இறக்கித்தான் கல்லைப் பிளப்பாங்க. அதே ஆப்பால இங்கே மரம் சேர்ந்துச்சு.

தப்பு நடந்தது அதுக்கு முன்னாடியே, என்னால. எங்க ஒட்டினோம்? திண்ணை மேல. வழவழன்னு இருக்கு, மட்டமாத்தான் இருக்கும்னு நான் நம்பினேன். மறுநாள் ஆப்பைத் தட்டி எடுத்து, பலகையைக் கட்டை மேல வச்சா ஒரு மூலை ஆடுது. பெரியப்பா நாலு மூலைக்கும் எக்ஸ் மாதிரி ரெண்டு நூலை இழுத்துக் கட்டினார். நூல்கள் நடுவுல லேசா உரசணும், அப்போ முறுக்கு இல்லைன்னு அர்த்தம். எங்களோடதுல ஒண்ணை ஒண்ணு தொடவே இல்லை. ரெண்டு நூலுக்கும் நடுவுல மூணு நூல் இடைவெளி. தெரியாதவங்களுக்கு: தச்சர் கணக்குல ஒரு நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு. திண்ணையோட முறுக்கு அப்படியே பலகைக்கு இறங்கிடுச்சு. ரசமட்டம் வச்சுப் பார்த்தேனேன்னு சொன்னேன். எங்கே வச்சே, நடுவுல ஒரு இடத்துலதானேன்னு கேட்டார்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. மட்டமான பலகை செய்ய மட்டமான தளம் வேணும். அந்தத் தளத்தை எதை வச்சுச் செய்றது? இதே கேள்விக்கு இங்கிலாந்துக்காரர் ஜோசப் விட்வொர்த் 1840ல, கிளாஸ்கோவுல நடந்த ஒரு அறிவியல் கூட்டத்துல பதில் சொல்லியிருக்கார். ரெண்டு தகட்டை ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சா ஏமாந்து போவீங்க. ஒண்ணு குழிஞ்சு, ஒண்ணு உப்பி, ரெண்டும் கச்சிதமாப் பொருந்தும். மூணு தகடு எடுத்துக்கோங்க. முதலாவதும் ரெண்டாவதும், ரெண்டாவதும் மூணாவதும், மூணாவதும் முதலாவதும்னு எல்லா ஜோடியும் பொருந்தணும்னா, மூணுமே சமமா இருந்தாத்தான் முடியும். முன்மாதிரி எதுவுமே இல்லாம சமதளம் பிறக்குது. இன்ஜினியரிங் காலேஜ்ல நாலு வருஷம் படிச்சேன், இதை யாரும் எனக்குச் சொல்லலை.

காலையில பெரியப்பாகிட்ட உற்சாகமா விளக்கினேன். அவர் ஒண்ணும் சொல்லாம உள்ளே போய் மூணு சட்டத்தை எடுத்துட்டு வந்தார். அவரோட அளவுக்கோல் சட்டங்கள். விளிம்போட விளிம்பைச் சேர்த்து வெளிச்சத்துல பிடிச்சுக் காமிச்சார். எந்த ஜோடியிலயும் வெளிச்சம் கசியலை. எப்பவும் மூணுதான் வச்சிருப்பாராம், அவரோட அப்பாவும் அப்படித்தானாம். எனக்குக் கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு.

அந்தச் சட்டங்களை வச்சு உயர்ந்த மூலைகளைக் கண்டுபிடிச்சு, நான் நின்னுக்கிட்டு நாலு நாள் இழைச்சேன். நூல்கள் உரசின அன்னைக்கு 33 அங்குல உயரத்துல கால் மாட்டினோம். பெரியப்பா நின்னு பார்த்தார். ஒரு ஜன்னல் சட்டத்தை மேல வச்சு இழைச்சார். அது நகர்ந்துச்சு. முட்டுக்கட்டை வச்சோம். இழைச்சார். மூணு மணி நேரத்துல இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நாற்பது வருஷம் தோள்ல இருந்து கீழே தள்ளிப் பழகின கைக்கு அந்த உயரம் அந்நியம். சாயங்காலம் டீயோட வந்து பார்க்கிறேன், மனுஷன் மேசை மேல ஏறி உட்கார்ந்து காலால பலகையைப் பிடிச்சு இழைச்சுக்கிட்டிருக்கார். பெரியம்மா கீழே நின்னு கத்துறாங்க, விழுந்து தொலையப் போறேன்னு.

ஜெர்மனியில சால்புர்க்னு ஒரு ரோமானியக் கோட்டை. அங்கே ஒரு கிணத்துக்குள்ள இருந்து ரோமானியத் தச்சர்களோட வேலை பெஞ்ச் கிடைச்சிருக்கு, ரெண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முட்டி உயரம்தான் இருக்கும். அதுல நிக்க மாட்டாங்க, உட்காருவாங்க, ரெண்டு பக்கமும் கால் போட்டு, தன் உடம்பாலயே மரத்தை அழுத்திப் பிடிப்பாங்க. அந்தப் படத்தை போன்ல பெரியப்பாகிட்ட காமிச்சேன். ரொம்ப நேரம் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தார்.

"இதச் சொல்றதுக்கு இன்னாடா இவ்ளோ நாளு?"

மறுநாள் காலையில மேசையைக் கவுத்துப் போட்டு, நாலு காலையும் 17 அங்குலத்துக்கு அறுத்தோம். முட்டியை முழுசா மடக்க வேண்டியதில்லை, காலால பிடிக்கவும் முடியுது. நான் கிளம்பின அன்னைக்கு ஒரு பூஜை அலமாரிக்கு ஆர்டர் எடுத்திருந்தார். வெட்டின கால் துண்டு நாலும் என்கிட்டதான் இருக்கு. இப்போ மைக் நிக்கிறது அதுல ஒண்ணு மேலதான்.