கடலை உருண்டையின் வயது என்ன?

கடலை உருண்டை நம் பாட்டன், பூட்டன் காலத்துப் பண்டம் என்று பலரும் கூறக் கேட்டிருப்பீர்கள். பூட்டன் காலம் வரை சரிதான். அதற்கும் முன்னே, சங்க காலத்துக்குச் சென்றால் என்ன ஆகும்? அக்காலத் தமிழர் எள்ளுருண்டையைச் சுவைத்திருக்கக் கூடும். ஆனால் கடலை உருண்டையைச் சுவைத்திருக்கவே முடியாது. ஏன் என்பதைக் காண்போம்.

மேல்நாட்டு வீடுகளில் ரொட்டியும் கேக்கும் சுடுவதற்கு மூடிய அடுப்பு உண்டு. நம் வீடுகளில் அது இருந்ததில்லை. வறுத்தல், இடித்தல், பாகு காய்ச்சுதல் ஆகிய மூன்றையும் கொண்டே நம் தின்பண்டங்கள் பலவும் உருவாயின. பால், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கும் தாவர உணவு முறைக்கு 1944இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் நண்பர்களும் 'வீகன்' என்று பெயர் சூட்டினர். அப்பெயரை அறியாமலே, அம்முறைக்கு முற்றிலும் பொருந்தும் உருண்டைகளை நம் பெண்கள் பிடித்து வந்தனர்.

எள்ளும் கரும்பும்

ஹரப்பா அகழ்வாய்வில் கருகிய எள் கிடைத்துள்ளது. எனவே இந்நாட்டில் எள்ளின் வயது நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். தமிழில் 'எண்ணெய்' என்ற சொல்லே 'எள்', 'நெய்' என்னும் இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான். வறுத்த எள்ளை வெல்லத்துடன் உரலில் இடித்தால் எண்ணெய் கசிந்து தானே உருண்டையாகப் பிடிபடும். பாகுகூட வேண்டாம்.

வெல்லத்துக்கு வருவோம். தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்ற செய்தி புறநானூற்றில் ஔவையார் பாடலில் உள்ளது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் கரும்பின் வரலாறு மீண்டும் கொங்கு நாட்டுக்கே வந்தது. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கோவையின் தட்பவெப்பத்தில் கரும்பு பூத்து விதை பிடிக்கும்; கலப்பினம் உருவாக்க இது இன்றியமையாதது. சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் இங்கு ஆராய்ந்தனர். 'வெள்ளை' என்னும் தமிழ்நாட்டுக் கரும்பைக் காட்டுக் கரும்புடன் கலந்து பெற்ற 'கோ 205' 1918இல் வெளிவந்து, பஞ்சாப் வயல்கள் வரை சென்றது. 'கோ' என்பது கோயம்புத்தூரையே குறிக்கிறது.

கடல் கடந்த கடலை

நிலக்கடலையின் தாயகம் தென்னமெரிக்கா. கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பின்னரே அது பிற கண்டங்களுக்குப் பரவியது. நம் நாட்டின் சில பகுதிகளில் அதை 'மணிலாக் கொட்டை' என்பர். பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குக் கப்பலேறியது. அங்கு அது எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. கொங்கு நாட்டின் மானாவாரிச் செம்மண்ணிலும் கடலை வேரூன்றியது. ஆக, கடலை உருண்டை என்பது தென்னமெரிக்கப் பயிரும் நம் கரும்பும் கைகோத்த பண்டம். 2020இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் புவிசார் குறியீடு பெற்றது. மரபு என்பது எப்போதும் தொன்மை அன்று. வந்ததை நமதாக்கிக் கொள்வதும் மரபுதான்.

பதத்தின் இயற்பியல்

இரண்டு பங்கு வறுத்துத் தோல் நீக்கிய கடலைக்கு ஒரு பங்கு வெல்லம் போதும். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டிக் காய்ச்சுங்கள். நீர் ஆவியாகுந்தோறும் கரைசலின் செறிவு கூடும். அதனால் கொதிநிலையும் 100 டிகிரி செல்சியசைத் தாண்டி ஏறும். சர்க்கரைப் பாகு 115 டிகிரியளவில் மென்மையாக உருளும். 150 டிகிரியை நெருங்கும்போது ஆறியதும் 'டக்'கென்று உடையும். நம் வீடுகளில் வெப்பமானி இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தது. அந்தச் சொட்டே வெப்பமானி!

வெல்லத்தில் குளுக்கோசும் பிரக்டோசும் சிறிதளவு உண்டு. அவை சர்க்கரை படிகமாவதைத் தடுக்கின்றன. எனவே பாகு ஆறும்போது கண்ணாடி போன்ற நிலையை அடைகிறது. சூடாக இருக்கும்போதே, கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு விரைந்து பிடிப்பது இதனால்தான். இப்பாகு காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஆதலால் உருண்டைகளை இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

சத்தும் எச்சரிக்கையும்

100 கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. ஆனால் லைசின் என்னும் அமினோ அமிலம் அதில் குறைவு. கொண்டைக்கடலை இனத்தில் அது மிகுதி. பொட்டுக்கடலையைச் சேர்த்தால் குறை ஈடாகும். மைசூரில் 1950இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவையும் கடலைப்பருப்பு மாவையும் கலந்து சத்துணவு தயாரித்ததும் இக்கருத்தில்தான். வெல்லத்தைப் பற்றி மட்டும் மயக்கம் வேண்டாம். அதில் தாது உப்புகள் சிறிது இருப்பினும் பெரும்பகுதி சர்க்கரையே. நாளுக்கு ஓர் உருண்டை போதும்.

மற்றொன்றும் நினைவிருக்கட்டும். 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் கலந்திருந்த, பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அப்பூஞ்சையின் நஞ்சுக்கு அப்ளாடாக்சின் என்று பெயர். வறுத்தாலும் அது முழுவதும் அழியாது. ஆகவே சுருங்கியவை, நிறம் மாறியவை, பூஞ்சை படிந்தவை ஆகிய பருப்புகளைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். முறத்தில் போட்டுப் புடைத்து, கண்ணால் பார்த்துப் பொறுக்கும் பழைய வேலை வெறும் சடங்கன்று. உங்கள் வீட்டில் அடுத்த முறை கடலை வறுபடும் முன், முறத்தின் அருகே சற்று நேரம் உட்காருங்கள்.