எண்ணாமல் விட்ட பந்துகள்

1949 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் முகப்பில், அன்றைய கூடைப்பந்து ஆட்டத்துக்கான அறிவிப்பு மின்னியது: ஜியோ மைக்கன் எதிர் நிக்ஸ். உள்ளூர் நிக்ஸ் அணியின் பெயர் இருந்தது, மைக்கன் ஆடிய மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியின் பெயரையே காணோம். சக வீரர்கள் உடை மாற்றாமல் உட்கார்ந்துகொண்டு, “நீயே போய் ஆடிவிட்டு வா” என்று மைக்கனைச் சீண்டியதாகச் சொல்வார்கள்.

6 அடி 10 அங்குலம், தடித்த மூக்குக்கண்ணாடி. 1950இல் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய வாக்கெடுப்பில், அரை நூற்றாண்டின் தலைசிறந்த கூடைப்பந்து வீரர் அவர்தான். வளையத்தடியிலேயே நின்று பந்தைப் போட்டுத் தள்ளியதால், அங்கே போட்டிருந்த 6 அடிக் கட்டத்தை 1951இல் 12 அடியாக அகலப்படுத்தினார்கள். இன்று ‘யார் பெரியவர்’ என்ற வாக்குவாதத்தில் அவர் பேச்சே எழுவதில்லை.

வாக்குவாதம் உண்மையில் சூடுபிடித்தது பில் ரசலும் வில்ட் சேம்பர்லினும் மோதிய காலத்தில். 1962 மார்ச் 2. பென்சில்வேனியாவில் சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி ஊர். நிக்ஸுக்கு எதிராக வில்ட் தனியாளாக 100 புள்ளி எடுத்தார். ஃப்ரீ த்ரோ என்றாலே சொதப்புகிறவர், அன்று 32இல் 28 போட்டார். தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லை. பார்த்தவர்கள் 4,124 பேர். நமக்கு மிஞ்சியது, ஒரு தாளில் கையால் ‘100’ என்று எழுதி அவர் பிடித்துக்கொண்டிருக்கும் புகைப்படம். அந்தப் பருவத்தில் அவருடைய சராசரி 50.4 புள்ளிகள்.

ஆனால் அந்த ஆண்டின் மிகச்சிறந்த வீரர் விருது ரசலுக்குப் போனது. அப்போது வாக்களித்தவர்கள் வீரர்களே. தினமும் எதிரே நின்று ஆடியவர்களுக்கு எது பெரிதாகப் பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ரசலின் வித்தை தடுப்பது. எதிராளி எறிந்த பந்தைக் காற்றிலேயே தட்டி, வெளியே போகவிடாமல் தன் ஆள் கைக்கே அனுப்புவார். அப்படி எத்தனை முறை தடுத்தார்? கணக்கில்லை. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. இந்த ‘பிளாக்’குகளை எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில், ரசல் விலகியதோ 1969இல். 13 பருவங்களில் பாஸ்டன் செல்டிக்ஸுக்கு 11 பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவரின் முதன்மையான வேலை ஏட்டில் ஏறவே இல்லை.

இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதின் கதை இன்னும் வேடிக்கை. அதை முதன்முதலில் கொடுத்ததே 1969இல், ரசலின் கடைசித் தொடரில். வென்றது செல்டிக்ஸ், விருது தோற்ற லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்டுக்கு.

மைக்கேல் ஜோர்டனின் ரசிகர்கள் முதலில் நீட்டுவது இந்த விருதைத்தான்: ஆறு இறுதித் தொடர், ஆறு பட்டம், ஆறு முறையும் இந்த விருது. பட்டம் வென்றால் கிடைக்கும் மோதிரங்களை மட்டும் எண்ணினால் ரசல் முந்திவிடுவாரே! அதுவும் போக, நட்சத்திர வரிசையில் யாரும் வைக்காத ராபர்ட் ஹோரியிடமே ஏழு மோதிரங்கள் இருக்கின்றன.

லெப்ரான் ஜேம்ஸ் பத்து முறை இறுதித் தொடருக்கு வந்து ஆறில் தோற்றார். அதைக் குறையாகச் சொல்கிறவர்கள், ஜோர்டன் தன் முதல் மூன்று பருவங்களிலும் முதல் சுற்றோடு வீடு திரும்பியதை மறந்துவிடுகிறார்கள். இறுதிவரை வந்து தோற்பது, வராமலே போவதைவிடக் கேவலமா என்ன? 2016இல் 3-1 என்று பின்தங்கியிருந்த தன் கிளீவ்லாண்ட் அணியைத் தூக்கி நிறுத்தி, அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட்டை வீழ்த்தினார். 2023 பிப்ரவரியில், கரீம் அப்துல்-ஜபார் சுமார் 39 ஆண்டுகள் வைத்திருந்த மொத்தப் புள்ளிச் சாதனையையும் தாண்டினார்.

2022இல் ரசல் மறைந்ததும், அவருடைய 6ஆம் எண்ணை இனி எந்த அணியிலும் புதிதாக யாருக்கும் தருவதில்லை என்று என்.பி.ஏ. அறிவித்தது. ஏற்கெனவே அணிந்திருப்பவர்கள் தொடரலாம். லெப்ரான் அப்போது 6தான் அணிந்திருந்தார். அடுத்த ஆண்டு, ரசலுக்கு மரியாதையாக அதைக் கழற்றிவிட்டுத் தன் பழைய எண்ணுக்கே திரும்பினார். அது 23, ஜோர்டனின் எண்.