திரும்பி வந்தது

'ரெவின்யூ' என்ற சொல்லை 'வருவாய்' என்று தமிழாக்கிவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம். மொழிபெயர்ப்பில் விட்டுப்போனது ஒரு முன்னொட்டு மட்டுமே. ஆனால் தாமிரபரணிச் சீமையின் இருநூறு வருஷ சரித்திரம் அந்த முன்னொட்டில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலம் இச்சொல்லைப் பதினைந்தாம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டது. பிரெஞ்சில் 'ரெவனீர்' என்றால் திரும்பி வருதல். 'ரெவனூ' திரும்பி வந்தது. நிலத்தின் பலன் நிலத்துக்கு உடையவனிடம் திரும்புகிறது என்பது பொருள். திரும்ப வேண்டுமானால் முதலில் அங்கிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். ஆக, நிலம் என்னுடையது என்ற வாதம் சொல்லுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வழக்குக்கு முன்பே தீர்ப்பு.

'வருவாய்' அப்படியல்ல. அதில் வருவது உண்டு, திரும்புவது இல்லை. வருவாயில் கால் பங்கைப் பிறருக்குக் கொடுத்து வாழ்வதைத் திரிகடுகம் சிறப்பாகச் சொல்கிறது. அங்கே வந்தது மேலும் நடக்கிறது.

பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனி நவாபிடமிருந்து 1792 ஒப்பந்தத்தில் பெற்றது. ஆறே வருஷத்தில், 1798 செப்டம்பரில், ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனிடம் பாக்கிக்குக் கணக்குக் கேட்டார். 1799 அக்டோபர் 16இல் கயத்தாறில் தூக்கு. 1801இல் சீமை முழுவதும் கம்பெனி கையில். கம்பெனியிடமிருந்து இந்த மண்ணுக்கு எதுவும் புறப்பட்டதில்லை. ஆனாலும் எல்லாம் அதனிடம் 'திரும்பியது'.

1959இல் வந்த திரைப்படத்தில் கட்டபொம்மன், வயல் வேலையில் உனக்கு என்ன பங்கு என்று ஜாக்சனைக் கேட்கிறான். அது வசனகர்த்தாவின் கற்பனை, ஆவணமல்ல. இருந்தும் அந்த முன்னொட்டுக்கு நம்மிடமிருந்து போன சரியான பதில் அதுதான். ஆராய்ச்சிக்காரர்கள் கேட்காததைக் கொட்டகை கேட்டுவிட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழு பழைய அரசர்கள் காலத்தவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் 1870களில் வெள்ளையர் ஆட்சி கட்டியது. ஆற்றுக்கும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. நஞ்சை பெருகினால் தீர்வையும் பெருகும் என்ற கணக்கு அதில் இருந்தது. இருக்கட்டும், தண்ணீர் வயலுக்குப் போயிற்று.

இன்று அந்தத் துறை நம்முடையது. கார் போய்ப் பிசானமும் வந்துவிட்டது, தண்ணீர் எப்போது வரும் என்று கடைமடைக்காரன் கேட்கும்போது, பிரெஞ்சு தெரியாமலே அச்சொல்லின் முதல் அசையைத்தான் கேட்கிறான்: கொடுத்தது எங்களிடம் திரும்பி வருமா?