நீர்ப் பூங்காவுக்குப் போகுமுன் சொல்லி வைக்க வேண்டியவை

பேசாலையில் இருந்து கொழும்புப் பக்கம் சுற்றுலாப் போகும் வான்களின் பட்டியலில் இப்போது நீர்ப் பூங்காவும் சேர்ந்துவிட்டது. அவிசாவளை வீதிப் பக்கம் லெஷர் வேர்ல்ட் இருக்கிறது, பண்டாரகமவில் பேர்ல் பே இருக்கிறது. விடுமுறைக்கு வரும் கனடாப் பிள்ளைகள் ரொறன்ரோவுக்கு அருகில் உள்ள கனடாஸ் வொண்டர்லாண்டில் சறுக்கி விளையாடிய கதையைச் சொல்ல, எங்கள் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஊர்ப் பிள்ளைகளையும் சில பெற்றோரையும் கூட்டிக்கொண்டு நானும் ஒருமுறை போனேன். கடலில் நீந்தும் பிள்ளைகளுக்கு இது ஒரு விசயமா என்று நினைத்து ஒருவருக்கும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அலைத் தடாகத்தில் அலை தொடங்குமுன் சைரன் ஒலித்தது. எங்களோடு வந்த ஓர் அக்கா மகளை இழுத்துக்கொண்டு சுவர் ஓரமாக ஓடிப்போய்க் குந்திவிட்டார். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது. இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

சத்தமும் இருட்டும்

அலைத் தடாகத்தில் எந்த நேரமும் அலை இருக்காது. இயந்திரம் சில நிமிடங்கள் அலை எழுப்பும், பிறகு நிறுத்தும். அலை வரப்போகிறது என்று அறிவிக்கவே சைரனோ மணியோ ஒலிக்கும். சிறுவர் பகுதியில் உயரத்தில் தொங்கும் பெரிய வாளி நிரம்பியதும் கவிழ்ந்து, தண்ணீர் பெரும் சத்தத்துடன் கொட்டும். மூடிய குழாய்ச் சறுக்கியின் உள்ளே இருட்டாக இருக்கும். எந்த வளைவில் திரும்புவோம் என்று தெரியாது. படகுச் சவாரியில் உச்சிக்குப் போய் ஒரேயடியாகக் கீழே விழும்போது வயிறு தூக்கிப் போடும்.

செல்லடிக்கு ஓடியவர்களுக்கும், பங்கருக்குள் கிடந்தவர்களுக்கும், இரவில் படகேறி இராமேஸ்வரம் போனவர்களுக்கும் இவை வேறு நினைவுகளைக் கிளப்பலாம். ஆகவே வானில் போகும்போதே எங்கே சத்தம் வரும், எங்கே இருட்டு என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் அரை மணித்தியாலம் வெளியே நின்று பார்க்க விடுங்கள். மூடிய குழாய்க்குப் பதிலாகத் திறந்த சறுக்கியில் தொடங்கலாம். வேண்டாம் என்பவரைக் கேலி செய்து ஏற்ற வேண்டாம். வரிசையில் ஏறி உச்சிவரை போன பிறகும் திரும்பி இறங்கலாம், அதில் வெட்கம் இல்லை. யாராவது பதறினால் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, இப்போது எங்கே இருக்கிறோம் என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

கடல் நீச்சல் போதாது

கடல் நீர் நன்னீரை விடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தியானது. அதனால் கடலில் உடம்பு இலேசாக மிதக்கும், தடாகத்தில் அவ்வளவு மிதக்காது. கடலில் மட்டும் நீந்திப் பழகிய பிள்ளை முதல் தடவை சற்றுத் தாழ்வதை உணரும். அலைத் தடாகத்தில் நெரிசலும் இருக்கும். சிறு பிள்ளைகள் பெரியவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்க வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கிறார்தானே என்று நாங்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

சறுக்கியில் மல்லாந்து படுத்து, கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்து, கணுக்கால்களைப் பின்னிக்கொள்வதே பொதுவான முறை. தலைகீழாகவோ, ஒருவரை ஒருவர் பிடித்தபடியோ போக வேண்டாம். முன்னால் போனவர் கீழே விலகி, காவலர் கைகாட்டிய பிறகே புறப்பட வேண்டும். கீழ்த் தடாகத்தில் விழும்போது மூக்கால் மூச்சை வெளியே விட்டால் தண்ணீர் ஏறாது. விழுந்ததும் எழுந்து ஓரமாக விலகுங்கள். பல சறுக்கிகளுக்கு உயர எல்லை உண்டு, 120 சென்ரிமீற்றர் பல இடங்களில் வழக்கம். பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்து பார்த்தால் அங்கே போய் அழுகை இராது.

காயம் பட்டவர்கள்

முதுகு, கழுத்து, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகமான சவாரிகளைத் தவிர்க்க வேண்டும். முள்ளந்தண்டுக்கோ கழுத்துக்கோ அருகில் செல் துண்டு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். வெடிச் சத்தத்தில் செவிப்பறை கிழிந்தவர்களின் காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது.

செயற்கைக் கால் அணிபவர்கள் ரிக்கெற் எடுக்குமுன் பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தெந்தச் சவாரிக்கு அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். செயற்கைக் காலுடன் சறுக்க விடாத இடங்கள் உண்டு. ஆழமில்லாத தடாகமும், ரியூப்பில் இருந்தபடி மெதுவாக மிதக்கும் ஓடையும் வசதியானவை. நிலம் வழுக்கும், அதனால் ஊன்றுகோலின் றப்பர் தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குளித்த பின் எஞ்சிய காலை நன்றாகத் துடைத்து உலரவிட்ட பிறகே செயற்கைக் காலை மாட்டுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை

நைலோன் அல்லது லைக்ரா உடை பொருத்தமானது. பருத்தி உடை நனைந்தால் பாரம். சிப், உலோகப் பொத்தான் உள்ள ஜீன்ஸ் சறுக்கியைக் கீறும் என்பதால் பெரும்பாலும் விடமாட்டார்கள். துவாய், மாற்றுடை, ஈர உடுப்புக்குப் பொலித்தீன் பை, வழக்கமான குளிசைகள், குடிதண்ணீர் வேண்டும். தாலி, சங்கிலி, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றைக் கரையில் நிற்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். சாப்பிட்டவுடன் சவாரி வேண்டாம். குளோரின் கண்ணை எரிக்கும், வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

அன்று பின்னேரம் அந்த அக்கா தானாகவே எழுந்து வந்தார். அடுத்த சைரன் எத்தனை மணிக்கு என்று காவலரிடம் கேட்டு வரச் சொன்னார். கேட்டுச் சொன்னேன். அது ஒலித்தபோது முழங்கால் அளவு தண்ணீரில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.