வானம் மறைந்தால் வண்டி எங்கே?

த்வாண்டேயில் என் சித்தப்பா வேன் ஓட்டுகிறார். எங்கள் ஊர் பானை, சட்டிகளை யாங்கோனுக்கு ஏற்றிப் போவார். ஒரு மாதம் அவர் சம்பளத்தில் பணம் பிடித்துவிட்டார்கள். போகக்கூடாத தெருவுக்குள் வேன் போனதாக அதிலிருந்த ஜிபிஎஸ் கருவி காட்டியதாம். "நான் அந்தப் பக்கமே திரும்பலப்பா" என்றார். யார் சொல்வது சரி? மனிதரா, கருவியா? அதைத் தேடப் போனபோதுதான் இந்த வரலாறு கிடைத்தது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் கருவி தூரத்தைக் கணக்கிடும். அதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். த்வாண்டே வயல்வெளியில் வானம் திறந்து கிடக்கிறது, கவலை இல்லை. யாங்கோன் நடுநகரம் அப்படியா? 1852 போருக்குப் பிறகு ஆங்கிலேயர் கட்டம்போட்டு வகுத்த குறுகிய தெருக்கள். இன்று இருபுறமும் அடுக்குமாடி வீடுகள். சிக்னல் சுவரில் மோதிச் சுற்றி வரும். அப்படி 30 மீட்டர் கூடுதலாகச் சுற்றினால், தாமதம் ஒரு நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்குதான். ஆனால் அந்தச் செயற்கைக்கோளின் தூரக் கணக்கு 30 மீட்டர் தப்பாகிவிடும். பக்கத்துத் தெருவுக்கு அது போதும்!

இந்தச் சிக்கல் செயற்கைக்கோளுக்கும் மூத்தது. மேகம் நட்சத்திரங்களை மறைத்த இரவில் கப்பல்காரர்கள் என்ன செய்தார்கள்? கடைசியாக எங்கே இருந்தோம், எந்தத் திசையில், என்ன வேகத்தில், எவ்வளவு நேரம் வந்தோம் என்று கணக்குப் போட்டார்கள். 1981இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் இதே முறையைக் காருக்குள் கொண்டுவந்தது. 'எலக்ட்ரோ கைரோகேட்டர்' என்ற அந்தக் கருவி வானத்தைப் பார்க்கவே இல்லை. வண்டி ஓடிய தூரத்தையும் கைரோஸ்கோப் காட்டிய திருப்பத்தையும் சேர்த்து, வரைபடத்தில் இடத்தைக் காட்டியது. ஒரே குறை: சின்னச் சின்னப் பிழைகள் போகப்போகச் சேர்ந்துவிடும்.

1983 செப்டம்பர் 1 அன்று, வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் போன தென்கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். அதே மாதம், ஜிபிஎஸ் தயாரானதும் பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று அமெரிக்கா அறிவித்தது. 1995இல் அது முழுமையாக இயங்கியது. ஆனாலும் பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே மழுங்கடித்தார்கள். பிழை 100 மீட்டர் வரை போகும். 2000 மே மாதம் அதை நிறுத்தினார்கள். மனிதர் வைத்த தடை போனது. சுவர்கள் வைத்த தடை அப்படியே இருந்தது.

அதற்கு இரண்டு வழிகளில் பதில் தேடினார்கள். ஒன்று, வானத்தில் கூடுதல் செயற்கைக்கோள்கள். 2010இல் ஜப்பான் ஏவிய 'மிச்சிபிக்கி', உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் தெரியும்படி ஜப்பானின் தலைக்கு மேலே நெடுநேரம் நிற்கும். 2013 முதல் இந்தியா ஏவத் தொடங்கிய 'நாவிக்' செயற்கைக்கோள்கள், இந்தியாவையும் சுற்றி 1,500 கிலோமீட்டரையும் எட்டும்படி திட்டமிடப்பட்டவை. யாங்கோன் அந்த எல்லைக்குள் வருகிறது. சிலவற்றில் அணுக்கடிகாரங்கள் பழுதாகி, அந்தத் திட்டம் தடுமாறியதும் உண்மை. இரண்டாவது வழி, பழைய கப்பல் கணக்கு. சிக்னல் மறையும்போது சக்கரமும் கைரோஸ்கோப்பும் வழி சொல்லும். சிக்னல் திரும்பியதும் சேர்ந்த பிழை திருத்தப்படும். இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

சித்தப்பாவின் வேனில் இருந்தது மலிவான கருவி. சக்கரக் கணக்கு அதற்குத் தெரியாது. பதிவை வாங்கி நேரத்தோடு பார்த்தோம். அனவ்ரத்தா சாலைக்குப் பக்கத்தில் இரண்டே நொடியில் வேன் அடுத்த தெருவுக்குத் தாவி, உடனே திரும்பியும் வந்திருந்தது. நடுவில் முழு வரிசைக் கட்டடங்கள்! எந்த வேனாலும் முடியாத காரியம். முதலாளியிடம் காட்டினோம். பிடித்த பணத்தில் பாதி திரும்பி வந்தது.

திரையில் தெரியும் புள்ளி நேரில் பார்த்த சாட்சி இல்லை, தம்பி தங்கைகளே. அது ஒரு கணக்கு. யாராவது அதைக் காட்டி உங்கள் வீட்டாரைக் குற்றம் சொன்னால், கணக்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.